ஒரு வாரம் யாரும் தொடாத கோப்பு

கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிற ஒருத்தியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வைத்தார்கள் என்றால் இப்போது சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில், தஞ்சோங் கிளிங் பக்கம் ஒரு பட்டறையில், எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா முடித்திருந்தேன். பாடப் புத்தகத்தில் யூனிக்ஸ் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. கல்லூரியில் யூனிக்ஸ் இயந்திரம் இல்லை. நான் அதை முதன்முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த அன்றுதான்.

அது இரும்புத் தொட்டிகள் செய்கிற பட்டறை. வீட்டு மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி இல்லை. தொழிற்சாலைகளில் காற்றையும் வாயுவையும் அழுத்தி அடைத்து வைக்கிற, ஆள் உயரத்தைவிடப் பெரிய தொட்டிகள். என் அண்ணன் அங்கே வெல்டர். சுங்கை ரம்பாய் பக்கம் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது, அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். பட்டறையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பையன் சிங்கப்பூருக்குப் போகப்போகிறான் என்று தெரிந்ததும், அண்ணன்தான் இன்ஜினியரிடம் போய் என்னைப் பற்றிச் சொன்னான்.

அந்தப் பையன் கிளம்புகிற அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். பயமுறுத்தியது அதிகம். "ரூட்டுன்ற பேர்ல உள்ள போனீங்கன்னா அது ஒண்ணும் கேக்காது. அழின்னா அழிச்சிரும். 'நெஜமாவா?'ன்னு கூட கேக்காது. ஒரு ஸ்பேஸ் தப்பான எடத்துல விழுந்துச்சின்னா மொத்த மெஷினும் போச்சு. திரும்பி வராது" என்றான். அதற்குப் பிறகு, அழிக்கும் கட்டளை எதையாவது அடிக்க நேர்ந்தால், என்டர் தட்டுவதற்கு முன்னால் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன். கை வியர்த்து விசைப்பலகை வழுக்கும். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படி அவ்வளவு வியர்த்தது என்று தெரியவில்லை.

இன்ஜினியரைப் பட்டறை முழுக்க 'சார்' என்றே கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. என்னைப் 'பிள்ளை' என்பார். ஒரு தொட்டிக்கு எவ்வளவு தடிமனான தகடு வேண்டும் என்று கணக்குப் போடுகிற புரோகிராம் அந்த இயந்திரத்தில் இருந்தது. வெளிநாட்டில் யாரோ எழுதியது. அதற்குள் ஒரு வகை இரும்பின் பலம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். நாங்கள் வாங்குகிற இரும்பு அது இல்லை என்பதால், நம் இரும்பின் எண்களைத் தனியாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால், புரோகிராம் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

ஒரு புதிய ஆர்டருக்காக அந்தக் கோப்பை எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு தொட்டிகள். சார் எண்களைப் படிக்க, நான் அடித்தேன். சேமிக்கப் போனால், இயந்திரத்தில் சாருக்கு ஒதுக்கியிருந்த பகுதியில் இடம் இல்லை என்றது.

"உங்க எடம் நெரம்பிப்போச்சு சார்" என்றேன்.

"அப்ப அந்த டெம்ப்பில போடும், பிள்ளை. பிறகு மாத்துவம்" என்றார் சார். அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமுக்கும் சொல்லிவைத்தார்.

டெம்ப் என்பது அந்த இயந்திரத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு மூலை. எந்த வேலை நடந்தாலும் பாதியில் தேவைப்படுவதை அங்கே எழுதிக்கொள்ளும். அச்சடிக்கப் போகிற பக்கம், வரிசைப்படுத்துகிற பட்டியல், வரைபடத்தின் அரைகுறைப் பிரதி, எல்லாம் அங்கேதான் விழும். வேலை முடிந்ததும் அவற்றை எடுத்துப்போட யாரும் திரும்பி வருவதில்லை. அது நிரம்பிக்கொண்டே இருந்தது. அதே வாரத்தில் ஒரு நாள், விளிம்பு வரைக்கும் நிரம்பி, இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. யாராலும் உள்ளே போக முடியவில்லை. முதலாளி கண்ணாடிக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த ஏதோ ஒன்றால்தான் நின்றுவிட்டது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இயந்திரத்தை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். டை கட்டிய தமிழ் இளைஞர். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிட்டு, "இதுக்குப் போய் என்னை வரவெச்சீங்களே. தானா பெருக்கிக்கற மாதிரி ஒண்ணு போட்டுட்டுப் போறேன்" என்றார். வாரத்துக்கு ஒரு தடவை, குறித்த நேரத்தில், இயந்திரமே டெம்ப்புக்குள் போய்ப் பழைய கோப்புகளைத் தேடி அழித்துவிடும். யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம், மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் போய், மற்றவர்கள் சாப்பிடப் போய், பட்டறை காலியாக இருக்கிற நேரத்தில் ஓடும்படி வைத்தார்.

"பழசுன்னா எது பழசு?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் யாரும் தொடலன்னா குப்பைதானே."

"தெனைக்கும் யூஸ் பண்றது?"

"தெனைக்கும் தொட்டா எப்படிங்க பழசாகும்? கவலைப்படாதீங்க லா."

நான் கவலைப்பட்டேன். அழிக்கிற கட்டளையை நானே அடிப்பதற்கு அவ்வளவு பயப்படுகிறவள். அந்தக் கட்டளையை அடிக்க ஆளே இல்லாமல், தன்னால் நேரம் பார்த்து எழுந்து, தன்னால் அழித்துவிட்டு, தன்னால் படுத்துக்கொள்கிற ஒன்றை இயந்திரத்துக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார் அவர். முதல் வெள்ளிக்கிழமை நான் கண்டீனுக்குப் போகவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். பட்டறை முழுக்க அமைதி. எந்தத் திரையின் முன்னாலும் ஆள் இல்லை. திடீரென்று டிஸ்கின் சிறிய விளக்கு மினுங்க ஆரம்பித்தது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். வீட்டில் தனியாக இருக்கும்போது சமையலறையில் பாத்திரம் நகர்ந்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. கொஞ்ச நேரம் ஓடி, நின்றது.

உடனே போய்ப் பார்த்தேன். டெம்ப் பெரும்பாலும் காலியாகியிருந்தது. சாரின் இரும்புக் கோப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. சார் முதல் தொட்டியின் கணக்குக்காக அதைத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். கோலாலம்பூர்க்காரர் சொன்னது சரிதான் என்று மனம் கொஞ்சம் அடங்கியது. அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் கண்டீனுக்குப் போனேன். இயந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதலாளி கண்ணாடிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

முதல் தொட்டி முடிந்து, சோதனையில் தேறி, லாரியில் ஏறிப் போய்விட்டது. இரண்டாவது தொட்டியின் வேலை நடந்துகொண்டிருந்தது. வாரங்கள் ஓடிவிட்டன.

அந்தக் காலை வழக்கம் போலத்தான் விடிந்தது. அண்ணனின் மோட்டோவில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடலோரச் சாலையில் காற்று அடிக்கும். அவன் தலையைத் திருப்பித் திருப்பிக் கத்திப் பேசுவான்.

"இன்னிக்கி ரெண்டாவது டேங்க்குக்கு காத்து டெஸ்ட்டு. மத்தியானம் லாரி வருது" என்றான்.

பெரும்பாலும் தொட்டிகளுக்குள் தண்ணீரை அடைத்துத்தான் சோதிப்பார்கள். இந்த வாடிக்கையாளர் தொட்டிக்குள் ஈரம் படவே கூடாது என்று சொல்லிவிட்டதால், கம்ப்ரசரை வைத்துக் காற்றை ஏற்றினார்கள். காற்றை ஏற்றிக்கொண்டே போய், நடுநடுவே நிறுத்தி, ஒருவர் ஏணியில் ஏறி வெல்டிங் போட்ட இடமெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவுவார். குமிழி வந்தால் ஓட்டை. அந்த வேலையை அண்ணன்தான் செய்வான்.

"இந்த வாட்டி வேல ஈசி லா. போன டேங்க்குல வெல்டிங் அடிச்சி அடிச்சி கையே போச்சு. இது பிளேட்டு மெல்லிசு. சீக்கிரம் முடிஞ்சிருச்சி."

"ஏன் மெல்லிசு?"

"இது கொஞ்சம் ஒடுக்கமான டேங்க்கு. ஒடுக்கமா இருந்தா மெல்லிசு போதுமாம். சார் கணக்கு."

"எவ்ளோ மெல்லிசு?"

அவன் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினான். பிறகு கொஞ்சம் அகட்டி, "அது இவ்ளோ" என்றான். அந்த இரண்டு இடைவெளிகளுக்கும் இருந்த வித்தியாசம் பெரியதாகத் தெரிந்தது. கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தொட்டி அதிக ஒடுக்கம் இல்லை. இரண்டையும் நான் முற்றத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிறுத்திவைத்தால் உற்றுப் பார்த்துத்தான் வித்தியாசம் சொல்ல முடியும்.

"இரும்பு அதே இரும்பா அண்ணே?"

"அதே கடை, அதே லாரி. ஏன் கேக்கற?"

சாரும் நானும் உட்கார்ந்து அடித்த அந்தக் கோப்பு நினைவுக்கு வந்துவிட்டது. 'பிறகு மாத்துவம்' என்றாரே, மாற்றினாரா? மாற்றியிருப்பார். முதல் வெள்ளிக்கிழமை நானே பார்த்தேனே, இருந்ததே. பட்டறைக்கு வந்து சேர்கிற வரைக்கும் இதையே திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பையைக்கூடக் கீழே வைக்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்து டெம்ப்புக்குள் தேடினேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று ஒரே வரியில் சொன்னது. பெயரைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். அதே வரி. சாரின் இடத்தில் தேடினேன். இயந்திரம் முழுக்கத் தேடச் சொன்னேன். அது நிதானமாகத் தேடி முடித்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தது. எங்கேயும் இல்லை.

கோப்பு இல்லை என்றால் புரோகிராம் கத்தும், நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கத்தவில்லை. தனக்குள் எழுதியிருந்த இரும்பை எடுத்துக்கொண்டு, கணக்கைப் போட்டு, அழகாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அது நம் இரும்பைவிடப் பலமான இரும்பு, அதற்கு மெல்லிய தகடு போதும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அல்லது, கணக்குப் போட்ட பிறகு கோப்பு அழிந்திருக்கலாம். அப்படியென்றால் தொட்டிக்கு ஒன்றும் இல்லை. எது முதலில் நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே போய் நான் சோதனையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

சார் அன்று காலையிலேயே சுங்கை ஊடாங் பக்கம் வேறொரு வேலையிடத்துக்குப் போயிருந்தார். அந்த இடத்துக் காவல் கொட்டகைக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "உள்ளே இருக்கிறார், ஆள் அனுப்பிச் சொல்கிறேன்" என்று மலாயில் சொன்னார். அவசரம், மிக அவசரம் என்றேன். போனை வைத்த அதே நேரத்தில் வெளியே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

நான் முற்றத்துக்கு ஓடினேன். தொட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குள் சோதனை செய்கிறவர்கள் தவிர யாரும் வரக்கூடாது. ஃபோர்மேன் அழுத்தம் காட்டுகிற கேஜ் பக்கத்தில் நின்றார். சீனர். நல்ல மனிதர்தான். என் அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். கோப்பு இல்லை, கணக்கு தப்பாக இருக்கலாம், சார் வருகிற வரை நிறுத்துங்கள் என்றேன்.

"இருக்கலாமா, இருக்கிறதா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். லாரி வருகிறது. நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள், தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கேஜில் முள் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் வாளியும் பிரஷ்ஷுமாக ஏணியின் பாதி உயரத்தில் இருந்தான். மார்பு தொட்டியைத் தொடுகிற மாதிரி சாய்ந்துகொண்டு, ஒரு வெல்டிங் கோட்டில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டை முணுமுணுக்கிறான் என்பது அவன் தலை ஆடுவதிலிருந்து தெரிந்தது.

நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். பின்னால் ஃபோர்மேன் கத்தினார். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எறங்கு" என்றேன்.

அவன் கீழே பார்த்தான். "என்னா இங்க வந்து நிக்கற? போ வெளிய."

"எறங்கு. அப்பறம் சொல்றேன்."

"பைத்தியமா ஒனக்கு? எல்லாரும் பாக்கறாங்க."

"நீ எறங்கலன்னா நானும் இங்கதான் நிப்பேன்."

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தொட்டிக்குள்ளிருந்து, டிக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்று. காற்று ஏறும்போது இரும்பு அப்படிச் சத்தம் போடும், அது சகஜம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அன்று அது தெரியாது. என் முகத்துக்கு நேரே சாம்பல் நிறச் சுவர். அதற்குப் பின்னால் எவ்வளவோ காற்று வெளியே வரப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அண்ணனின் இரண்டு விரல்கள் காட்டிவிட்டன. ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கால் நகரவில்லை. அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஏணியைப் பிடித்திருந்த கையை விடுவிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கயிற்றுக்குள் வெளியாள் நின்றால் கம்ப்ரசரை ஓட்டக்கூடாது என்பது விதி. ஃபோர்மேன் அதை நிறுத்தினார். முள் பாதியைத் தாண்டிய இடத்தில் நின்றது. அண்ணன் இறங்கி வந்தான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தான்.

"என் மானத்த வாங்கறியா? இந்த வேலய வாங்கிக் குடுத்ததுக்கு..." என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து ஒரு பெண் ஜன்னலைத் திறந்து, எனக்குப் போன் என்று சொன்னாள். ஃபோர்மேனிடம், "போன் பேசி முடிக்கிற வரைக்கும், தயவுசெய்து" என்றேன். அவர் கையை ஆட்டி, போ என்றார்.

"என்ன பிள்ளை?" என்றது சாரின் குரல்.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. மூச்சு வாங்கியது. கோப்பு இல்லை என்றேன். தகடு மெல்லியதாக இருக்கிறதாம் என்றேன்.

"அந்த டெம்ப்பிலயோ இருந்தது, இன்னும்?"

"ஆமா சார்."

"நான் மாத்தேல்லையே" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு, "இப்ப காத்து எவ்வளவு ஏத்தியிருக்கு?" என்றார்.

"பாதிக்கு மேல சார்."

"கிட்ட ஆர் நிக்கினம்?"

"எங்கண்ணன் நின்னாரு. எறங்கிட்டாரு."

"ஃபோர்மேனைக் கூப்பிடும். ஓடும், பிள்ளை."

அவர் என்னை 'ஓடும்' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஃபோர்மேன் போனை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'யா, யா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, எல்லோரையும் ஸ்டோர் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னார். அவர் மட்டும் தனியாகத் திரும்பிப் போய், உட்கார்ந்த மாதிரி குனிந்துகொண்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அந்தச் சீறல் குறையக் குறைய, அவர் முதுகு நிமிர்வதைச் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் என் பக்கத்தில் நின்றான். அவன் கையில் வாளி இன்னும் இருந்தது. உள்ளே சோப்புத் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.

சார் வந்ததும் தொட்டிப் பக்கம் போகவில்லை. நேராகக் கண்ணாடி அறைக்கு வந்தார். ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக் கையாலேயே கணக்குப் போட்டார். பிறகு பழைய எண்களை மறுபடி படித்தார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து அடித்தேன். இந்தத் தடவை சரியான இடத்தில் சேமித்துவிட்டு, புரோகிராமை ஓட்டினோம். அச்சடித்து வந்த தாளை, கையால் போட்ட கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஓம், இந்தத் தகடு போதாது" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெடிச்சிருக்குமா சார்?"

"தாங்கியிருக்கலாம். கணக்கில எப்பவும் கொஞ்சம் கூடவே வைக்கிறது வழக்கம்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "தெரியாது, பிள்ளை" என்றார். அவர் முகத்திலும் நான் பார்த்தது பயம்தான். பெரியவர்களுக்கும் இப்படிப் பயம் வரும் என்று தெரிந்துகொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கலக்கமாக இருந்தது.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். கோப்பை அங்கே போடச் சொன்னது தான், கையெழுத்துப் போட்டதும் தான், ஒடுக்கமான தொட்டி என்பதால் மெல்லிய தகடு வந்ததில் தனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னாராம். என்னையும் கூப்பிட்டார்கள். வேலை போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். அந்தத் தானியங்கித் துப்புரவு என்பது என்ன, எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். போகலாம் என்றார்கள். வேலை போகவில்லை.

கோலாலம்பூர்க்காரரைப் போனில் பிடித்தேன். தினமும் எடுத்துப் பயன்படுத்திய கோப்பு எப்படி அழிந்தது என்று கேட்டேன்.

"எழுதி ஒரு வாரம் ஆயிருச்சில்ல? அதான்" என்றார். "படிச்சா கணக்கு இல்லைங்க. எழுதுன தேதிதான். படிச்ச தேதி தனியா இருக்கு, நான் அதப் பாக்கச் சொல்லல."

"படிக்கறது தொடுறது இல்லியா?"

"ஏன், ஏதாச்சும் முக்கியமானது போயிருச்சா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் 'கவலைப்படாதீங்க லா' என்று சொன்னதாக நினைவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பு தப்பித்ததற்குக் காரணம், எழுதி இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை என்பதுதான். நான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனேனே, அதற்கடுத்த வெள்ளிக்கிழமையே அது போயிருக்கிறது. முதல் தொட்டியின் கணக்கு அதற்குள் முடிந்திருந்தது, இரண்டாவதற்குச் சார் கணக்குப் போட்டது அதற்குப் பிறகுதான். நான் கண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

கடைசியாகப் படித்த தேதியையும் பார்க்கும்படி துப்புரவை மாற்றினார்கள். இரும்புக் கோப்பு இல்லையென்றால் கணக்கே போடாமல் நின்றுவிடும்படி புரோகிராமை மாற்றச் சார் ஏற்பாடு செய்தார். அந்தத் தொட்டியைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். வெட்டியவர்களில் அண்ணனும் ஒருவன். துப்புரவையே நிறுத்திவிடலாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். நிறுத்தினால் டெம்ப் மறுபடி நிரம்பும், இயந்திரம் மறுபடி நின்றுவிடும். ஓடித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தப் பட்டறையில் நான் இருந்த வரைக்கும், வெள்ளிக்கிழமை காலைகளில் ஒவ்வொரு மேசையாகப் போய், டெம்ப்பில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் மதியம் வரை டெம்ப்புக்குள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சோதனை நின்றுபோன அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, அண்ணன் வழியில் மோட்டோவைக் கடல் பக்கம் ஓரமாக நிறுத்தினான். தூரத்தில் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் யாரோ மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள், புகை எங்கள் மேல் வந்தது.

"சரி, சொல்லு. அந்த ஃபைல அழிச்சது யாரு?" என்றான்.

"யாரும் இல்லண்ணே. அது தானா ஓடுது."

"தானான்னா? யாராச்சும் சொல்லித்தானே ஓடும்."

"சொன்னவரு கோலாலம்பூர்ல இருக்காரு. அவருக்கு இப்படி ஒரு டேங்க்கு இருக்கறதே தெரியாது."

"அப்ப நீ பாத்துக்கிட்டு இருக்கலியா?"

"நான் பாக்க வேணாம்னுதான் அத வெச்சதே."

அவனுடைய வலது கையில், விரல் இடுக்குகளில், சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அம்மாட்ட சொல்லாத" என்றான்.

சொல்லவில்லை. அன்று அம்மா சோறும் மிளகாய்ச் சம்பலும் வைத்திருந்தார். இருவரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டோம். வேலை எப்படி என்று அம்மா கேட்டார். "டெஸ்ட்டு தள்ளிப்போச்சு" என்று அண்ணன் சொன்னான். "ஏன்?" என்றார் அம்மா. அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கம்ப்யூட்டர் கோளாறு" என்றான். "அப்ப ஒனக்குத்தான் வேல ஜாஸ்தி" என்று அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.